முயலுக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்

அன்புள்ள கதிருக்கு,

நேற்று முன்தினம் நீ அனுப்பிய மெசேஜை நானும் அம்மாவும் படித்தோம். மொத்தம் ஆறு வரி. பெங்களூரில் உன் வீட்டில் அன்று காலை நடந்ததற்கு நித்யாவிடம் ஒரு சாரி சொல்லிவிடுங்கள், விஷயம் முடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். யாழினி ஸ்கூல் வேனைத் தவறவிட்டது என் தப்பு. அதற்கு நித்யாவிடம் அன்றைக்கே வருத்தம் சொல்லிவிட்டேன். "பரவாயில்லைங்க மாமா, ஒரு நாள்தானே" என்று அவளும் சொல்லிவிட்டாள். ஆனால் உன் நாலாவது வரியில், "இந்த மாதிரி விளையாட்டெல்லாம் இனிமே வேண்டாம்" என்று இருக்கிறதே, அதற்கு என்னிடம் மன்னிப்பும் கிடையாது, வாக்குறுதியும் கிடையாது. அந்த முயலுக்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஏன் என்பதை ஆறு வரிக்குள் அடக்க எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் தாள் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நித்யாவும் படிக்கட்டும். வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீ மட்டும் இதை லிஃப்டில் நின்றுகொண்டு படிக்காதே.

அன்று நடந்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன். யாழினி ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு சமையல் மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் தோசை மாவில் முயல் ஊற்றிக்கொண்டிருந்தேன். உன் வீட்டு நான்ஸ்டிக் கல் எனக்குப் பழக்கமில்லை, மாவு பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு காது நீளம், ஒரு காது குட்டை. "தாத்தா, முயலுக்கு மீசை இருக்குல்ல?" என்று கேட்டாள். இருக்கிறதுதான். டீஸ்பூனால் மீசை இழுத்தேன். கீழே வேன் ஹாரன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். காதில் போனை மாட்டிக்கொண்டு யாரோடோ பேசியபடியே நீ உள்ளே வந்தாய். ஒரு நிமிஷம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, என் கையிலிருந்து கரண்டியை வாங்கினாய். வாங்கினாய் என்று மரியாதைக்கு எழுதுகிறேன். "அப்பா, விடுங்க. ஒரு தோசைக்கு இருபது நிமிஷமா? வட்டமா ஊத்துனா ஆவாதா?" என்றாய். முயலைச் சுரண்டி எடுத்து சிங்க்கில் போட்டுவிட்டு வட்டமாக ஒன்று ஊற்றினாய். அதைத் தின்பதற்குள் வேன் போய்விட்டது. நீ அவளைக் காரில் கொண்டுபோய் விட்டாய், உன் மீட்டிங் கெட்டது, சாயங்காலம் வந்து கத்தினாய். நானும் அம்மாவும் போட்டிருந்த டிக்கெட்டை மாற்றிக்கொண்டு நாலு நாள் முன்னதாகவே ஊருக்கு ரயில் ஏறினோம். கோபித்துக்கொண்டு போய்விட்டோம் என்று நீ நினைக்கிறாய். உன்மேல் கோபம் இல்லை. காலையில் கரண்டியை வாங்கிக்கொண்டு நீ சொன்ன வார்த்தையைக் கேட்டதும் அம்மா உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஏனென்றால் அது உன்னுடைய வார்த்தை இல்லை கதிர், என்னுடையது.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பதை நீ யாரிடமாவது முழுதாகச் சொல்லியிருப்பாயா என்று தெரியவில்லை. "அப்பா கம்பெனியில இருந்தாரு" என்பதோடு முடித்துக்கொள்வாய். அரியமங்கலத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் என் வேலை, ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் வேலை செய்வதைப் பார்ப்பது. ஒரு ஆள் இரும்புத் துண்டை எடுக்க எத்தனை விநாடி, மெஷினில் பூட்ட எத்தனை, கழற்றி வைக்க எத்தனை. எழுதிக் கூட்டி, எந்த அசைவு தேவையில்லையோ அதை வெட்ட வேண்டும். நன்றாகவே செய்தேன். பாலக்கரையிலிருந்து சைக்கிளில் வரும் ஜமால் பாய் என்று ஒருவர் இருந்தார். வெட்டிய இரும்பின் ஓரத்தில் நிற்கும் பிசிரைத் தேய்க்கும் வேலை. ஒவ்வொரு துண்டையும் தேய்த்து முடித்ததும் ஒருதரம் ஊதி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். நாலு விநாடி. சோதனை செய்ய வேறு ஆள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். "பாக்க வேணாமா சார்? நாமதான செஞ்சோம்" என்றார். நான் அதைத் தேவையற்ற அசைவு என்று எழுதி வெட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் பார்க்காமல் வைத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, வழக்கம்போல சலாம் சொன்னார். அந்த வேலையைத் தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். நம் வீட்டில் சோறு அதில்தான் வந்தது. அந்தக் கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்போது நாம் இருந்த திருவெறும்பூர் வீட்டுக்குள்ளும் வந்தேன் பார், அதைத்தான் தப்பு என்கிறேன்.

உனக்கு அப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. அம்மா தினமும் காலையில் உனக்குத் தோசையில் ஒரு உருவம் ஊற்றுவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. துறையூரில் அவர்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது, பத்துப் பேருக்கு ஊற்றி எடுப்பதற்கே விடிந்துவிடும். நீ சாப்பிட அடம் பிடித்த ஒருநாள் தானாக ஆரம்பித்திருக்கிறாள். யானை, மீன், குடை, ஒருநாள் உன் ஸ்கூல் மணி. நீ தட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, "இன்னிக்கு என்னம்மா?" என்று கேட்பாய். நான் மூன்று நாள் ஹாலில் உட்கார்ந்து, பேப்பர் படிப்பதுபோல் கடிகாரத்தை அழுத்தினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கணக்கை அவளிடம் காட்டினேன். வட்டத் தோசைக்கு ஒன்றரை நிமிஷம், யானைக்கு நாலரை நிமிஷம், நீ தும்பிக்கையைப் பிய்த்துக் கதை பேசித் தின்பதற்கு மேற்கொண்டு எட்டு நிமிஷம். ஆகமொத்தம் பதினோரு நிமிஷம் வீண். "வட்டமா ஊத்துனா ஆவாதா?" என்று கேட்டேன். அம்மா அந்தத் தாளை நிதானமாகப் படித்தாள். "சரிங்க" என்றாள். மறுநாள் காலை நீ கண்ணை மூடிக்கொண்டு, "இன்னிக்கு என்னம்மா?" என்றாய். "தோசை" என்றாள்.

உனக்கு அது நினைவிருக்காது. எனக்கும் பல வருஷம் நினைவில்லை. மிச்சம் பிடித்த அந்தப் பதினோரு நிமிஷத்தை நான் என்ன செய்தேன் தெரியுமா? என் டிபன் பாக்ஸ் அவ்வளவு சீக்கிரம் தயாரானது, நான் பஸ் ஸ்டாப்பில் பதினோரு நிமிஷம் முன்னதாகப் போய் நின்றேன். பஸ் எப்போதும்போல அதன் நேரத்துக்குத்தான் வந்தது. நீ பத்தாவது படிக்கும்போது கால் மணி கால் மணியாகக் கட்டம் போட்டு அட்டவணை ஒட்டினேன். நீ ஒரு கட்டம்கூடத் தவறவில்லை, நல்ல மார்க் வாங்கினாய், நான் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன். பிறகு ஹாஸ்டலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போன் செய்வாய், எட்டு ஐந்துக்கு வைத்துவிடுவாய். வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான், கல்யாணம் ஆன பிறகும் அப்படித்தான். நாம் இரண்டு பேரும் போனில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசியதே இல்லை. பிள்ளை எவ்வளவு பொறுப்பு என்று நான் பெருமைப்பட்டேன். இப்போது உன் மணிக்கட்டில் ஒரு கடிகாரம் இருக்கிறது. மூச்சை இழுத்து விடு என்று அது உனக்கு ஞாபகப்படுத்துகிறது. என் கடிகாரம்கூட அவ்வளவு தூரம் போகவில்லையடா.

நான் மாறியது ஏதோ ஞானத்தால் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா பாத்ரூமில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாளே, அப்போது நீ வந்து இரண்டு நாள் இருந்தாய், சமையலுக்கு ஆள் வைக்கச் சொல்லிவிட்டுப் போனாய். ஆள் வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. ஆக, ரிட்டயர் ஆகி ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்து, காலை முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அடுப்படிக்குப் போனேன். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது எப்படியோ வந்தது, ஆனால் வட்டமாக இல்லை. நாலு பக்கமும் கால் நீட்டிக்கொண்டு, ஒரு பக்கம் துருத்திக்கொண்டு இருந்தது. வெட்கத்தோடு தட்டில் வைத்தேன். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அதை உற்றுப் பார்த்தாள். "ஆமை" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். புரையேறித் தண்ணீர் கொடுக்கும்வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் எத்தனை காலமாகக் கேட்கவில்லை என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. அந்தத் தாளை அவளிடம் நீட்டிய சாயங்காலமும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் வேண்டுமென்றே ஒரு மீன் ஊற்றினேன். அவள் அதைச் செருப்பு என்றாள்.

அதிலிருந்து ஒருநாள் விடாமல் செய்கிறேன். விடியற்காலையில் காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை நடந்துபோவேன். வழியில் எதைப் பார்க்கிறேனோ அதுதான் அன்றைய தோசை. படித்துறையில் சோம்பல் முறிக்கும் நாய், சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கும் தூக்குவாளி, குளித்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் காதுத் தண்ணீரைத் தட்டும் மனிதர். ஊற்ற வேண்டும் என்றால் பார்த்தாக வேண்டும். ஆட்டுக்குக் காது எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று இத்தனை வயதுக்கு எனக்குத் தெரியாது. கொம்புக்கு மேலே என்று நினைத்திருந்தேன், கீழே. வீட்டுக்கு வந்து இரும்புக்கல்லை அரைச் சூட்டில் வைத்து, வெங்காயத்தால் தேய்த்து, முதலில் டீஸ்பூனால் கோடுகளை மட்டும் இழுத்துக் கொஞ்சம் சிவக்க விட வேண்டும். அப்புறம்தான் உள்ளே மாவு. அப்போதுதான் திருப்பும்போது கோடு தனியாகத் தெரியும். இடது வலமாக மாறிவிடும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. எட்டு மாதமும் சந்தோஷமாக இருந்தேன். கீழ்வீட்டு மாமா ஒருநாள் சாவி கொடுக்க மேலே வந்தவர், நான் கல்லுக்கு முன்னால் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஓய், நான் பெருமாளைச் சேவிச்சுட்டு, மார்க்கெட்டுக்கும் போயிட்டு வந்துட்டேன். நீர் இன்னும் முதல் தோசையிலேயே இருக்கீரே, உமக்கு வேற ஜோலியே இல்லையா?" என்றார். "இல்லீங்க. அதுக்குத்தானே ரிட்டயர் ஆனேன்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். போகும்போது தட்டை எட்டிப் பார்த்து, "கழுதையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். குதிரை.

நீ சும்மா இருக்கவில்லை, உன் வழியில் எனக்கு உதவி செய்யத்தான் பார்த்தாய். போன வருஷம், "ரீல்ஸ் போடுங்கப்பா, நல்லா ஓடும்" என்றாய். பிறகு பெரியவர்களுக்கான ஓவிய வகுப்பு ஒன்றின் லிங்க் அனுப்பினாய், முடிவில் சர்டிஃபிகேட் தருவார்களாம். இப்போது இந்த மெசேஜிலும், "உங்களுக்கு ஆர்வம் இருந்தா அதை உருப்படியா செய்யுங்க" என்று ஐந்தாவது வரி. கதிர், இது உருப்படியாக ஆகவே கூடாது. யாரும் லைக் போட வேண்டாம். நான் இதில் தேற வேண்டாம். ஊற்றுகிறேன், அம்மா என்னவென்று சொல்கிறாள், சட்னியில் தொட்டுத் தின்றுவிடுகிறோம், தட்டைக் கழுவி வைக்கிறோம். மறுநாள் அதற்கு அடையாளமே இருக்காது. வாழ்நாளெல்லாம் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு காரணம் கேட்டவன் நான். எந்தக் காரணமும் சொல்ல முடியாத ஒரு வேலை எனக்கு இப்போது இருக்கிறது. நீயே வந்து கேட்டாலும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார், குறைத்துவிட்டேன். நேரத்தைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

உன் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. உன் வேலை போகாமல் இருக்க நீ ஓடுகிறாய், நித்யாவும் ஓடுகிறாள், காலை ஏழரைக்கு வேன். அதை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை, சொன்னால் நீ சிரிப்பாய், சிரிக்கவும் வேண்டும். ஆனால் நீ ஊற்றிய வட்டத்தைப் பார்த்து யாழினி, "இது என்னப்பா?" என்று ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டதற்கு, "தோசை தோசைதான், சாப்பிடு" என்று பதில் சொன்னாயே, அந்த நேரம் அவள் முகத்தை நீ பார்க்கவில்லை. உன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். ஆறு வயதில் உன் முகத்தை நான் பார்க்காமல் விட்டதை, உன் பெண்ணின் முகத்தில் பார்த்துக்கொண்டேன். இதை என் தண்டனை என்று வைத்துக்கொள். உனக்கும் அது வர வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மே மாதம் அவளுக்கு லீவு. வேன் கிடையாது. இங்கே கொண்டுவந்து விடு. விடாவிட்டால் நாங்கள் அங்கே வருவோம், வரும்போது இந்த இரும்புக்கல்லைத் தூக்கிக்கொண்டுதான் வருவேன், உன் கல்லை நம்பி ஒரு காரியமும் செய்ய முடியாது. வேனுக்கு நான் பொறுப்பு. அரை மணி முன்னதாக எழுந்து அவளை எழுப்புவேன். ஆனால் ஊற்றுவேன்.

ஊருக்கு வந்த மறுநாள் அம்மா என்னை அடுப்படியிலிருந்து நகரச் சொன்னாள். கை குணமாகி இவ்வளவு நாளாகியும் அவள் வட்டத்தைத் தவிர வேறெதுவும் ஊற்றியதில்லை, என் உருவங்களைப் பார்த்துப் பெயர் வைப்பதோடு சரி. அன்று முதல்முறையாக ஒன்று ஊற்றினாள். நான் படகு என்றேன், வாத்து என்றேன், வெற்றிலை என்றேன். எதுவும் இல்லை என்று தலையாட்டினாள், என்னவென்றும் சொல்லவில்லை. தின்றுகொண்டிருக்கும்போது, இத்தனை வருஷமாகக் கேட்காததை நான் கேட்டேன். அந்தத் தாளுக்காக என்னை மன்னித்துவிட்டாயா என்று. அம்மா சட்னியை வழித்துக்கொண்டே, "இப்ப என்ன அவசரம் உங்களுக்கு?" என்றாள்.

இதுவரை எழுதியதை இப்போதுதான் அவளிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நீளம் என்றாள். பிறகு, "காக்காயை விட்டுட்டீங்களே" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒருநாள் உனக்குக் காக்கா ஊற்றிக் கொடுத்தாளாம். நீ அதைத் தின்ன மாட்டேன் என்றாயாம். பறந்து போகட்டும் என்று தட்டிலேயே வைத்துவிட்டு, இன்னொரு தோசை வாங்கித் தின்றுவிட்டு ஸ்கூலுக்குப் போனாயாம். அவள் அதை மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். சாயங்காலம் வந்து பையைக்கூடக் கழற்றாமல், "பறந்துடுச்சாம்மா?" என்று கேட்டாயாம். பறந்துவிட்டது என்றாளாம். அதற்குப் பிறகு வாரத்தில் ஒருநாள் காக்கா கேட்பாயாம். அவள் வட்டமாக ஊற்ற ஆரம்பித்த பிறகும் கொஞ்ச நாள், நீ தோசையில் ஒரு துண்டைப் பிய்த்துத் தட்டின் ஓரமாக வைத்துவிட்டுப் போவாயாம். அவள் அதையும் மாடிக்குக் கொண்டுபோவாளாம்.

எனக்கு இது எதுவுமே தெரியாது, கதிர். "ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லலாம்னுதான் ரெண்டு மூணு தடவ வந்தேன்" என்றாள். "நீங்க ஷூ மாட்டிக்கிட்டு இருந்தீங்க."

அப்பா